காரீயமா, கல்லா, மணலா: இலங்கைக் கனிமத்தில் காசு போடுமுன்

கடந்த மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து சித்தப்பாவின் மகன் போன் எடுத்தான். "அண்ணை, நாங்கள் நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் காசு வைச்சிருக்கிறம். இஞ்சை இன்னொரு வீடு வாங்க மனமில்லை. ஊரிலை கனிமத்திலை போடலாம் எண்டு யோசிக்கிறம். காரீயமா, கல்லா, மணலா, எது நல்லது?"

அவன் மூன்று காணொளிகளை அனுப்பியிருந்தான். உலகிலேயே தூய்மையான காரீயம் இலங்கையில் என்று ஒன்று. மன்னார் மணலில் பல கோடி டொலர் என்று இன்னொன்று. இரத்தினபுரியில் கிணறு வெட்டினால் நீலக்கல் என்று மூன்றாவது. ஒன்றும் முழுப் பொய்யில்லை. ஆனால் மண்ணில் என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் அவை சொல்கின்றன. காசு போடுகிறவனுக்கு அது பாதிக் கதைதான். எடுக்க யாருக்கு அனுமதி, எடுத்ததை யார் எந்த விலைக்கு வாங்குவார்கள், மேலே யார் குடியிருக்கிறார்கள் என்பது மற்றப் பாதி. சில வாரம் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி பலரிடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம்: இலங்கைப் பள்ளிப் புத்தகங்களில் காரீயம் என்றால் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட். தமிழ்நாட்டில் அது ஈயத்தைக் குறிக்கும். இங்கே பேசுவது கிராஃபைட்டை.

முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி நிலத்தடியில் உள்ள கனிமம் அரசுக்குரியது. காணி உங்கள் பாட்டனார் காலத்துக் காணியாக இருந்தாலும் தோண்டி எடுக்க புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். மாணிக்கக்கல்லுக்கு மட்டும் வேறு வாசல், அது தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. கனிமம் தோண்டுவதிலும் அதன் முதல்கட்டப் பதப்படுத்தலிலும் வெளிநாட்டவர் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டினால் முதலீட்டுச் சபை தனியாக ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரம் வைத்துப் பெரிய அளவில் மாணிக்கம் தோண்டுவதென்றால் அதற்கும் தனி ஒப்புதல். 2014இல் வந்த காணிச் சட்டப்படி வெளிநாட்டவரும், 50 சதவீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளும் பொதுவாகக் காணி வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தம்பியிடம் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டு மட்டும். "எதில் காசு போடுவதென்று பிறகு பார்க்கலாம், முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடு" என்றேன்.

சரி, காரீயத்துக்கு வருவோம். நான் அதிகம் படித்தது இதைத்தான். மனம் அதிகம் சாய்ந்ததும் இதன் பக்கம்தான்.

மற்ற நாடுகளில் கிடைப்பது பெரும்பாலும் பாறையோடு கலந்த செதில் காரீயம். பாறையை உடைத்து அரைத்து மிதக்க வைத்துத்தான் அதைப் பிரிக்க வேண்டும். இலங்கையில் அது பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு போல ஓடுகிறது. வெட்டி எடுக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் தூய்மையாக இருக்கும் கட்டிகள் உண்டு. இப்படிப்பட்ட நரம்புக் காரீயத்தை வணிக அளவில் எடுக்கும் நாடு இலங்கை ஒன்றுதான். கேகாலை மாவட்டத்தில் போகல, குருநாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ என்று இரண்டு பழைய சுரங்கங்கள். போகலவில் பெரும்பான்மைப் பங்கு ஒரு ஜெர்மன் கம்பனியிடம் இருக்கிறது. கஹட்டகஹ அரசுடையது.

இதுவரை காணொளி சொன்னது சரி. அது சொல்லாததும் இருக்கிறது.

நரம்பு சில இடங்களில் விரலளவு, சில இடங்களில் ஒரு மீற்றருக்கு மேல். அது போகிற போக்கில் சுரங்கமும் போக வேண்டும். நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம், இரவும் பகலும் தண்ணீர் இறைப்பு, வெடி, மேலே வந்த பிறகு கையால் தரம் பிரிப்பு. துளையிட்டுப் பார்த்து "இத்தனை தொன் இருக்கிறது" என்று கணக்குச் சொல்வது மற்றச் சுரங்கங்களைவிட இங்கே கடினம். துளை நரம்பைத் தவறவிட்டால் இல்லை என்று காட்டும், நரம்பிலே பட்டால் அளவுக்கு மேல் நம்பிக்கை தரும். பழைய குழிகளை மீண்டும் திறக்கிறோம் என்று வெளிநாட்டுப் பங்குச் சந்தைகளில் பணம் திரட்டும் சிறு கம்பனிகளின் அறிக்கையைப் படிக்கும்போது இது நினைவிலிருக்க வேண்டும். "97 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் போடுவது தூய்மையின் கணக்கு. அளவின் கணக்கு அதன் அருகே எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் சந்தை. மின்சார வாகனப் பற்றரியின் எதிர்முனைக்கு 99.95 சதவீதம் அளவுக்குச் சுத்தம் கேட்கிறார்கள். 97இலிருந்து அங்கே போகத்தான் உண்மையான தொழிற்சாலை வேண்டும், அமிலமோ கடுஞ்சூடோ வேண்டும். அந்தத் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி சீனாவில் இருக்கிறது. 2023 டிசம்பரில் சீனா காரீய ஏற்றுமதிக்கு அனுமதி முறை கொண்டு வந்தபோது, இனி எங்கள் காலம் என்று கொழும்பில் பலர் எழுதினார்கள். ஆனால் இலங்கை ஓராண்டில் எடுப்பது சில ஆயிரம் தொன். மொசாம்பிக்கில் பலாமா என்ற ஒரே சுரங்கம் ஆண்டுக்கு 350,000 தொன் எடுக்கும் திறனோடு கட்டப்பட்டது. பற்றரித் தொழிற்சாலை கேட்பது அந்த மாதிரி அளவை.

இது நமக்குப் புதிதுமல்ல. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உலோகம் உருக்கும் மூசைகளுக்கு இலங்கைக் காரீயம் வேண்டியிருந்தது. குருநாகல் முதல் காலி வரை ஏராளமான சிறு குழிகள் வெட்டினார்கள். போர் முடிந்ததும் விலை விழுந்தது, மடகஸ்காரின் மலிவான செதில் காரீயம் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று காட்டுக்குள் தண்ணீர் நிறைந்து கிடக்கும் பல குழிகள் அந்தக் காலத்தவை. தூய்மை மட்டும் இருந்தால் போதாது என்பதை இந்த நாடு ஒரு முறை அனுபவித்தாயிற்று.

அப்படியானால் காரீயம் வேண்டாமா? வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் பற்றரிக் கனவோடு அல்ல. மோட்டர்களில் வரும் கார்பன் தூரிகை, சூடு தாங்கும் உயவுப்பொருள், பிரேக் கட்டை, மின்கடத்தும் பூச்சு போன்றவற்றுக்கு நரம்புக் காரீயத்தின் படிகத் தன்மை உண்மையாகவே உதவுகிறது. அங்கே வேண்டிய அளவு சிறியது, விலை அதிகம். சில ஆயிரம் தொன் எடுக்கிற நாட்டுக்கு அதுதான் பொருத்தமான சந்தை. தோண்டுவதைவிட, தோண்டியதை வாங்கி அரைத்து, சுத்தம் செய்து, தரம் பிரித்து விற்கும் சிறு ஆலையில் காசு போடுவதை நான் விரும்புவேன். அதற்குப் பொறியியல் அறிந்த ஒருவர் முழுநேரமும் நிற்க வேண்டும். ஏழெட்டு ஆண்டு இலாபம் பார்க்காமல் இருக்கவும் தெம்பு வேண்டும். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் எளிய வழி ஒன்று உண்டு. போகல கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றை வங்கியில் திறந்து அதன் வழியாகப் பங்கு வாங்கலாம், விற்ற பணத்தைத் திரும்பக் கொண்டு போகலாம். பெரும்பகுதி பெரிய பங்குதாரரிடம் இருப்பதால் சந்தையில் புழங்கும் பங்குகள் குறைவு. அவசரத்துக்கு விற்க நினைத்தால் விற்பது கடினமாக இருக்கும்.

அடுத்தது மணல். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை வராது. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

புல்மோட்டைக் கரையில் நடந்தால் மணல் கறுப்பாக மின்னும். திருகோணமலைக்கு வடக்கே சில கிலோமீற்றர் நீளத்துக்கு இல்மனைட், ரூட்டைல், சேர்கோன் என்ற கனமான கனிமங்கள் அலையோடு வந்து படிந்திருக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. நல்ல இடங்களில் மணலில் 60 சதவீதத்துக்கு மேல் இந்தக் கனிமங்களே. உலகத் தரத்துக்கு மிகச் செறிவான படிவு அது. 1957இல் இதற்கென்று அரசு ஒரு கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது, இன்று அது இலங்கை கனிய மணல் கம்பனி. முதலில் நீரோட்டத்தில் இலேசான மணலைக் கழிப்பார்கள். பிறகு காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும், மின்னழுத்தம் ரூட்டைலையும் சேர்கோனையும் பிரிக்கும். போரின் நடுவே 1997 செப்டெம்பரில் அங்கே இல்மனைட் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்ட பிறகு ஏற்றுமதி நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது.

புல்மோட்டையில் வெளியார் காசு போட வழி அதிகமில்லை, அது அரசின் கையில் இருக்கிறது. இருக்கும் ஒரே நல்ல வாய்ப்பு, பிரித்தெடுத்த இல்மனைட்டை அப்படியே கப்பலேற்றாமல் பெயின்டில் சேர்க்கும் வெள்ளை நிறமியாக்கும் ஆலை. ஒரு தொன் நிறமியின் விலை ஒரு தொன் இல்மனைட்டின் விலையைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. கேரளத்தின் சவறாவில் அரசு ஆலை ஒன்று பல ஆண்டாக இதைச் செய்கிறது. ஆனால் ஒரு தொன் நிறமிக்கு இரண்டு தொன் அளவில் இல்மனைட் வேண்டும். நிறைய அமிலமோ குளோரினோ, நிறைய மின்சாரம், பிறகு கழிவை வைக்க இடம். நாலு பேர் சேர்த்த காசில் நடக்கிற காரியம் இல்லை. பெரிய கம்பனியும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டியது. செய்தால் முதலில் வாழ்த்துகிறவன் நான்.

தம்பி கேட்டது மன்னார். அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் உள்ள டைட்டானியம் சாண்ட்ஸ் என்ற கம்பனி மன்னார்த் தீவில் ஆய்வு செய்து, சுமார் 30 கோடி தொன் மணல் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். அதிலே கனமான கனிமம் 4 சதவீதம் அளவு. புல்மோட்டையில் ஒரு தொன் கனிமத்துக்கு ஒன்றரைத் தொன் மணலைக் கிளறினால் போதும், மன்னாரில் 25 தொன் கிளற வேண்டும். மீதி 24 தொன்னைத் திரும்பப் போட்டாலும் மண் பழைய மண்ணாக இருக்குமா?

மன்னார்த் தீவின் நீளம் 26 கிலோமீற்றர், கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. மணலுக்குள் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்பு நீரின் மேலே மிதக்கிறது. ஊரின் கிணறுகளும் பனைகளும் தோட்டங்களும் அந்தப் படலத்தை நம்பித்தான். மேலேயுள்ள மணலைக் கலைத்தால் அந்தப் படலம் என்னவாகும் என்பதுதான் அங்குள்ள மீனவரும் விவசாயியும் கேட்கிற கேள்வி. 2025 ஆகஸ்டில் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக அவர்கள் நாட்கணக்கில் வீதியில் இருந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து, ஆயர் இல்லமும் பள்ளிவாசலும் சேர்ந்து நிற்கிற எதிர்ப்பு அது. கொக்கிளாயிலும் கனிய மணல் திட்டத்துக்கு எதிராக மக்கள் எழுந்திருக்கிறார்கள். "அனுமதிப்பத்திரம் கிடைத்தால்?" என்று தம்பி கேட்டான். கிடைத்தாலும் வேண்டாம் என்றேன். முன்னே சொன்ன மொசாம்பிக்கின் பலாமாவையே பார்க்கலாம். குடியமர்த்தல் தொடர்பான குறைகளை முன்வைத்து விவசாயிகள் வழியை மறித்தார்கள், அந்தப் பெரிய சுரங்கம் நின்றது, 2024 டிசம்பரில் கம்பனி தன்னால் ஒப்பந்தப்படி கொடுக்க முடியாது என்று அறிவித்தது. ஊர் ஒப்புக்கொள்ளாத சுரங்கத்தில் போட்ட காசு கடலில் போட்ட காசு. அது தம்பியின் காசுக்காகச் சொன்னது. கிணற்றுக்காகச் சொல்ல வேண்டியதையும் அவனிடம் சொன்னேன்: நாங்கள் ஊரைவிட்டுப் போனவர்கள், இருக்கிறவர்களின் தண்ணீரில் கைவைக்க எங்களுக்கு என்ன உரிமை?

சுண்ணாம்புக்கல்லையும் இதே காரணத்தால் ஒரே வரியில் தள்ளிவிட்டேன். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை யாழ்ப்பாணத்துக்குப் பெருமை சேர்த்தது, உண்மை. ஆனால் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, சுண்ணாம்புக்கல்தான் எங்கள் நீர்த்தொட்டி. அந்தத் தொட்டியையே வெட்டி விற்க முடியாது.

இனி கல்.

மாணிக்கத் தொழில் காரீயத்துக்கு நேர் எதிர். காரீயத்துக்கு அறிவோடு பெரிய முதலும் வேண்டும், கல்லுக்குச் சிறிய முதல் போதும், ஆனால் பெரிய அறிவு வேண்டும். இரத்தினபுரிப் பக்கம் குழி போடுவது பல பேரின் கூட்டு. ஒருவர் காணி தருவார், ஒருவர் பெயரில் அனுமதிப்பத்திரம், ஒருவர் நீரிறைக்கும் இயந்திரமும் சாப்பாட்டுச் செலவும், குழியில் இறங்குகிறவர்களுக்கும் பங்கு. 'இல்லம்' என்று சொல்லும் கூழாங்கல் படிவம் வரும் வரை தோண்டி, கூடையில் அரித்துப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் குழியை மூட வேண்டும், அதற்கு அதிகார சபையிடம் முன்கூட்டியே வைப்புப் பணம் கட்ட வேண்டும். பல மாதம் ஒன்றும் கிடைக்காத குழிகள் ஏராளம். ரொறன்ரோவிலிருந்து இதில் பங்கு போட வேண்டாம். குழியில் கிடைத்த கல் எத்தனை என்பது குழிக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பணம் குழிக்கு வெளியே இருக்கிறது. இதற்கு இலங்கையிலேயே ஒரு பாடம் உண்டு. நீலக்கல்லின் இனமான குருந்தக் கல் பால் கலந்ததுபோல மங்கலாக இருந்தால் அதைக் கெவுடா என்பார்கள். ஒரு காலத்தில் அதை யாரும் மதித்ததில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அதைக் கொள்ளை மலிவாக வாங்கிப் போய், 1,500 பாகைக்கு மேல் சூடேற்றினார்கள். பாலெல்லாம் கரைந்து அருமையான நீலக்கல் வெளியே வந்தது. கல் நம்முடையது, காசு தாய்லாந்தின் மாணிக்கச் சந்தை நகரான சந்தபுரியுடையது. சூளையின் இரகசியம் தெரிய நமக்குச் சில ஆண்டு பிடித்தது. தெரிந்த பிறகு கதை மாறியது. 1998இல் மடகஸ்காரில் இலகாகா என்ற இடத்தில் நீலக்கல் கிடைத்தபோது அங்கே முதலில் போய் நின்றவர்களில் இலங்கையரும் உண்டு. இன்று மற்ற நாட்டுக் கல்லை வாங்கி வந்து இங்கே பட்டை தீட்டி விற்கிறார்கள். தொழிலின் பலம் இப்போது மண்ணில் மட்டுமல்ல, கையிலும் கண்ணிலும் இருக்கிறது.

அதனால்தான் முதல் முதலீட்டுக்கு, கல் வியாபாரத்துக்குப் பேர்போன பேருவளையைச் சொன்னேன். அங்குள்ள சீனன்கோட்டைச் சந்தையில் பேரம் தமிழிலேயே நடக்கும். நேர்மைதான் அங்கே முதல். ஒரு சிறு பட்டை தீட்டும் கூடம், நல்ல இயந்திரம் நாலு, நியாயமான சம்பளம், கனடாவில் நேரடியாக நகைக்காரருக்கு விற்கும் தொடர்பு, இவ்வளவும் நாலு பேரின் காசுக்குள் அடங்கும். வெளிநாட்டில் இருப்பவரிடம் உள்ள உண்மையான முதல் அந்தக் கடைசித் தொடர்புதான். இங்குள்ளவர்களுக்கு அது கிடைப்பது அரிது.

ஆபத்தும் சிறிதல்ல. என் நண்பர் ஒருவர் ஒரு தரகரை நம்பி நீலம் என்று வாங்கிய கல் ஆய்வுக்கூடத்தில் செயற்கைக் கல் என்று வந்தது. அவர் இரண்டு ஆண்டுச் சேமிப்பு அதில் போனது. ஆய்வுக்கூட அறிக்கை இல்லாமல் ஒரு கல்லும் வாங்கக்கூடாது. சூடு காட்டாத கல்லுக்கும் சூடேற்றிய கல்லுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்கிறது, விற்கும்போது அதை மறைக்கக்கூடாது. கூட்டில் ஒருவராவது இரத்தினவியல் முறையாகப் படிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

பொஸ்பேட்டை அவன் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். அநுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் 1971இல் கண்டுபிடித்த படிவு சுமார் 6 கோடி தொன். அப்படியே பொடியாக்கினால் தேயிலை, தென்னை, இறப்பருக்கு உதவும். நெல்லுக்கு வேகமாகக் கரையாது, அதற்கு அமிலத்தோடு சேர்த்து உரமாக்க வேண்டும். 1990களில் ஓர் அமெரிக்கக் கம்பனிக்கு இதைக் கொடுக்க அரசு முனைந்தது. எப்பாவல விவசாயிகளும் ஒரு பௌத்த பிக்குவும் வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் இப்படியே போக முடியாது என்று தடுத்தது. இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளர் போல் அல்ல, காவலர் போல் நடக்க வேண்டும் என்ற கருத்தைப் பேசிய தீர்ப்பு அது. இலங்கையில் கனிமத்தில் காசு போட நினைக்கிற எவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். கிராமத்தவர் ஏழு பேர் ஒரு பெரிய திட்டத்தை நிறுத்தலாம் என்பது அதில் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்து, வயலெல்லாம் வாடிய பிறகு, எப்பாவலவில் அளவாக எடுத்து உள்நாட்டிலேயே உரம் செய்யும் ஆலை எவ்வளவு தேவை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்படியொரு ஆலைக்கு அரசு பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டால், இலாபம் குறைவென்றாலும் நான் வாங்குவேன்.

இன்னொன்று நாணயம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயில் வருமானம் வரும் தொழிலில் இருந்தவர்களின் டொலர்க் கணக்கு கிட்டத்தட்ட பாதியானது. கல்லும் காரீயமும் டொலரில் விற்பவை, சம்பளம் ரூபாயில். அந்த வகையில் இரண்டும் பாதுகாப்பு. ஆனால் பம்பு, வெடி, டீசல், உதிரிப்பாகம் எல்லாம் இறக்குமதி. காரீயச் சுரங்கத்தை அந்த ஆண்டு அது எப்படி நெருக்கியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. பட்டை தீட்டும் கூடத்துக்கு அந்தச் சுமை மிகக் குறைவு.

இவ்வளவையும் கேட்டபிறகு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. மன்னார்தான் அவன் மனதில் இருந்தது என்று நினைக்கிறேன், அம்மாவழியில் அவனுக்கு அங்கே சொந்தம் உண்டு. பிறகு, "அப்ப கல்லிலை சின்னனாத் தொடங்குவம், காரீய ஆலையைப் பிறகு பாப்பம்" என்றான். நாலு பேரில் இளையவள் இரத்தினவியல் வகுப்பில் சேரப்போகிறாள். ஆடி மாதம் அவர்கள் வருகிறார்கள். பேருவளையில் மூன்று நாள், போகலப் பக்கம் ஒரு நாள் என்று நான் திட்டம் போட்டிருக்கிறேன். மன்னாருக்கும் போவோம், சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடிக்க.